கடைமடைக்கும் நெட் வர வேண்டும்

கும்பகோணத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில், அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் என் சித்தப்பா வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. வாசற்படியிலிருந்து கொல்லைக் கதவு வரை 110 அடி. சுவர்கள் ஒன்றரை அடி கனம். அந்த வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட் வேகம்) ஃபைபர் இணைப்பு வந்தது. வந்தவர்கள் ரேழியில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

சித்தப்பாவின் மகள் இரண்டாம் கட்டு அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். மகன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். கூடத்தில் டிவி ஓடுகிறது. பொங்கலுக்குப் போயிருந்தபோது சித்தி என்னிடம் முதலில் சொன்னதே இதுதான்: "முன்கட்டுல பறக்குது, பின்கட்டுல ஒண்ணும் வரலை. என்னன்னு கொஞ்சம் பாருப்பா." 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிவிடலாமா என்ற பேச்சும் நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா மட்டும் தலையை ஆட்டினார். "கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா ஆத்துல தண்ணி இல்லைன்னு அர்த்தமா? நடுவுல எங்க நிக்குதுன்னு பாக்கணும்."

போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து வேகத்தை அளந்தேன். ரேழியில் 92 எம்பிபிஎஸ். கூடத்தில் 60. முற்றம் தாண்டினால் 11. மகள் உட்காரும் மேசையில் 3. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, வாய்க்கால்தான் சரியில்லை. திட்டத்தை மூன்று மடங்காக்கியிருந்தாலும் அந்த மேசைக்குப் பெரிதாக ஒன்றும் கூடியிருக்காது.

எந்தக் கருவியை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், ரேழியில் தொங்கும் அந்த ஒற்றைப் பெட்டி என்னென்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ரவுட்டர் அல்லது மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டிக்குள் நான்கு தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று, ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. இரண்டாவதுதான் உண்மையான ரவுட்டர். வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்கும் வாசல். மூன்றாவது, பின்பக்கம் வயர் செருகும் நான்கு துளைகளுக்குப் பின்னால் இருந்து, அந்த வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச். நான்காவது, வைஃபை ரேடியோ. இந்த நான்கில் எது உங்கள் வீட்டில் தடுமாறுகிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். சித்தப்பா வீட்டில் முதல் மூன்றும் நன்றாகவே இருந்தன.

அந்த ஒளி வரும் வழியைக் கொஞ்சம் சொல்கிறேன். தெருக்கம்பத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதற்குள் மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர், ஓர் இழையில் வரும் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. நம் ஊர்களில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் அத்தனை வீட்டுக்கும் சேர்த்து இறங்கும் வேகம் ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ்), ஏறும் வேகம் 1.25 ஜிபிபிஎஸ். இறங்குவதற்கு 1490 நானோமீட்டர் அலைநீள ஒளி, ஏறுவதற்கு 1310. நிறம் வேறு என்பதால் ஒரே இழையில் எதிரெதிராகப் போனாலும் மோதாது. ஆனால் 32 வீட்டுப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஒளி அனுப்பினால் குழம்பிப் போகும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் சில மைக்ரோ விநாடிகள் முறை ஒதுக்கப்படுகிறது; தன் முறை வரும்வரை அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முறைப்பாசனம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்புறம் ரவுட்டர். வெளியிலிருந்து பார்த்தால் சித்தப்பா வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்த வீட்டை அடையாளம் காட்டும் எண். பழைய ஐபி முறையில் உலகத்துக்கே மொத்தம் 429 கோடி முகவரிகள்தான். ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு டிவிக்கும் ஒன்று கொடுக்க முடியாது. அதனால் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகளை 1996இல் தனியே ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்குபவை அந்த வகைதான். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம்.

அப்படியானால் வெளியிலிருந்து வரும் பதில் சரியான கணினிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இங்கே வாய்க்கால் உவமை நின்றுவிடும். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. எந்தத் துளி எந்த வயலுக்கு என்று தண்ணீரில் எழுதியிருக்காது. ஷட்டரை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு போகும். இணையத்தில் போவது துண்டு துண்டான பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரியும், கருவிக்குள் எந்த உரையாடலுக்கு உரியது என்று காட்டும் போர்ட் எண்ணும் எழுதியிருக்கும். மகளின் லேப்டாப் 192.168.1.5 என்ற முகவரியிலிருந்து, போர்ட் 51000 என்று போட்டு ஒரு பொட்டலம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் அதைப் பிரிக்காமல் மேலே இருக்கும் அனுப்புநர் விவரத்தை மட்டும் அழித்து, வீட்டின் பொது முகவரியையும் 40001 என்ற புது எண்ணையும் எழுதுகிறது. கூடவே தன் நினைவகத்தில் ஒரு வரி: 40001 வந்தால் 192.168.1.5க்கு, 51000இல் கொடு. பதில் 40001க்கு வந்ததும் அந்த வரியைப் பார்த்துத் திருப்பி எழுதி உள்ளே அனுப்புகிறது. டிவிக்கு 40002, தம்பியின் கணினிக்கு 40003 என்று இந்தப் பதிவேடு விநாடிக்கு விநாடி நீண்டுகொண்டும் அழிந்துகொண்டும் இருக்கும். ஒரு முகவரிக்கு 65,535 போர்ட் எண்கள் உண்டு. ஒரு குடும்பத்துக்குத் தாராளம். பதிவேட்டில் வரி இல்லாமல் வெளியிலிருந்து தானாக வரும் பொட்டலம் யாருக்கென்று தெரியாததால் அப்படியே கைவிடப்படும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய தவறைத் தவிர்க்கலாம். பலர் இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்கி, அதன் வேன் (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் முதல் ரவுட்டரின் வயரைச் செருகி வைக்கிறார்கள். நெட் வரும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு வாசல், இரண்டு பதிவேடு. முன்கட்டு பிரிண்டர் பின்கட்டு லேப்டாப்புக்குத் தெரியாது. வீட்டுக்கு வாசல் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டியை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டரானால், முதல் பெட்டியோடு மோதாதபடி அதன் முகவரியை மாற்றி, முகவரி வழங்கும் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, வயரை லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகினால் போதும். வெறும் ரேடியோவும் ஸ்விட்சுமாக அது வேலை செய்யும். சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்த பழைய ரவுட்டரை இப்படித்தான் பயன்படுத்தினேன்.

நான் வருவதற்கு முன்பே தம்பி ஒரு ரிப்பீட்டர் (வைஃபையைக் கேட்டுத் திருப்பி ஒலிபரப்பும் கருவி) வாங்கி இரண்டாம் கட்டில் செருகியிருந்தான். போனில் வைஃபை கோடுகள் முழுதாக நின்றன, வேகம் மட்டும் ஏறவே இல்லை. அந்த இடத்துக்கு வந்து சேருவதே 3 எம்பிபிஎஸ் என்றால் அது அந்த 3ஐத்தான் திருப்பிச் சொல்ல முடியும். ஒற்றை ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கேட்பதும் சொல்வதும் ஒரே சேனலில் (அலைவரிசையில்); ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை போக வேண்டும். அதனால் கிடைப்பதிலும் பாதி போய்விடும்.

வைஃபையின் அடிப்படைச் சங்கடமே இதுதான்: ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அருகில் இருக்கும் போன் 300 எம்பிபிஎஸ்ஸில் பேசுகிறது, பின்கட்டில் இருப்பது 6இல் பேசுகிறது என்றால், அதே அளவு செய்தியைச் சொல்லப் பின்கட்டுக் கருவி 50 மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆக, கடைசி அறையில் இருக்கும் ஒரு கருவி முன்கட்டில் இருப்பவர்களையும் சேர்த்து மெதுவாக்கும். சுவரும் சும்மா விடாது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. அதிர்வெண் கூடக்கூடச் செங்கல் அதிகமாக உறிஞ்சும். மழைக்காலத்தில் ஈரம் ஊறிய பழைய சுவர் இன்னும் மோசம். இரும்பு பீரோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். ரேழிப் பெட்டிக்கு நேர் பின்னால், கூடத்துச் சுவரில், ஒரு பீரோ நின்றுகொண்டிருந்தது. அதை நகர்த்தியதிலேயே கூடத்தின் 60, 80க்கு ஏறியது.

மீதிக்கு வயர்தான். விலை கூடிய ரவுட்டரை வாங்கச் சொல்வதைவிட நான் எப்போதும் வயரைத்தான் சொல்வேன். கேட்5இ வகை லேன் வயர் 100 மீட்டர் தூரம் வரை 1000 எம்பிபிஎஸ்ஸைத் தாங்கும். அத்தனை நீளமான சித்தப்பா வீட்டுக்கே தாழ்வார உத்தரத்தை ஒட்டி ஏறி இறங்கிப் போனதில் 45 மீட்டர்தான் ஆயிற்று. கடையில் வயரை வாங்கும்போது நுனியை வெட்டிக் காட்டச் சொல்லி, பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் செம்பு. வெள்ளையாக மின்னினால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. விலை குறைவு, ஆனால் வளைத்தால் ஒடியும், தடையும் அதிகம்.

வயருக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. முறுக்கல் அழகுக்கு இல்லை. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழுவதற்காக. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் அடிபட்டுப் போகும். நுனியில் பிளக் மாட்டும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரிசையாக அடுக்கிக் கட்டைவிரலால் தட்டையாக்கி, ஒரே வெட்டாக வெட்டி உள்ளே தள்ளி, கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்தேன். முதல் முறை ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ் என்றே காட்டியது. 100க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். 1000க்கு நீலமும் பழுப்பும் வேண்டும். அப்படியென்றால் அந்த நான்கு கம்பிகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பழுப்புக் கம்பி முனை வரை போகாமல் ஒரு மில்லிமீட்டர் குறைவாக நின்றிருந்தது. வெட்டிப்போட்டு மறுபடி செய்ததும் 1000 வந்தது.

பின்கட்டில் அந்த வயர் ஓர் ஐந்து துளை கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்சில் முடிகிறது. அதிலிருந்து மகளின் லேப்டாப்புக்கு ஒன்று, தம்பியின் கணினிக்கு ஒன்று, பரணிலிருந்து இறக்கிய பழைய ரவுட்டருக்கு ஒன்று. ஸ்விட்சுக்கு அமைப்பு எதுவும் செய்ய வேண்டியதில்லை. எந்தத் துளையில் எந்தக் கருவி என்பதை வரும் பொட்டலங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, உரிய துளைக்கு மட்டும் அனுப்பும். இதற்கு முந்திய ஹப் என்ற கருவி ஒன்றில் வந்ததை எல்லாத் துளைக்கும் கொட்டும். யாராவது பழையதைத் தந்தால் வாங்காதீர்கள். மகள் மேசையில் இப்போது 94 வருகிறது.

புது ரவுட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அட்டையில் இருக்கும் பெரிய எண்ணை நம்ப வேண்டாம். ஏசி1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 இரண்டையும் கூட்டித் தோராயமாக்கியது. ஒரு லேப்டாப் பொதுவாக இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். அதிலும் நடைமுறையில் பாதி கிடைத்தால் நல்லது. அதைவிட முக்கியம், பின்பக்கத் துளைகள் கிகாபிட்டா என்று பார்ப்பது. ஏசி1200 என்று போட்டுவிட்டு 100 எம்பிபிஎஸ் துளைகள் வைத்த பெட்டிகள் நிறைய விற்கின்றன. 300 எம்பிபிஎஸ் திட்டத்தை அதில் இணைத்தால் மாதாமாதம் மீதி 200 எம்பிபிஎஸ்ஸுக்கு வீணாகப் பணம் கட்டுவோம்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு குறை மிச்சம் இருந்தது. தம்பி 20 ஜிபி வீடியோவை அனுப்பும்போது அக்காவின் மீட்டிங்கில் குரல் அறுந்தது. 100 எம்பிபிஎஸ்ஸில் அது சுமார் 27 நிமிட வேலை. குரலுக்குத் தேவை வெறும் 100 கேபிபிஎஸ், அதாவது 0.1 எம்பிபிஎஸ். வேகம் போதாமல் அறுபடவில்லை. அவன் கணினி 1000 வேகத்தில் தள்ளுகிறது, வெளியே போகும் மதகு 100. மிச்சம் பெட்டியின் நினைவகத்தில் வரிசையாகத் தேங்குகிறது. குரல் பொட்டலமும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. 20 மில்லி விநாடியாக இருந்த தாமதம் 600க்குப் போனதை நானே அளந்தேன். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். வரிசையில் பொட்டலங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று அளந்து, அதிகமானால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புகிறவரை நிதானமாக்கும் கோடெல் என்ற முறையை கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் 2012இல் வெளியிட்டார்கள். ரவுட்டரில் இந்த வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் இந்த வகை முறைதான் உள்ளே ஓடும். அது இல்லாத சித்தப்பா வீட்டில், தம்பியின் அப்லோட் மென்பொருளிலேயே 80 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தோம். அவனுக்கு ஏழு நிமிடம் கூடுதல். அக்காவின் குரல் அறுபடவில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று சித்தி கேட்டார். கம்பத்து ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? அதனால் தெருவே இருட்டாக இருந்தாலும், நிறுவனத்தின் பக்கத்தில் பேட்டரி இருக்கும் வரை லைன் உயிரோடுதான் இருக்கும். வீட்டுப் பெட்டிக்கும் ஸ்விட்சுக்கும் சின்ன டிசி யுபிஎஸ் (அடாப்டருக்குப் பதில் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டி) வைத்தால் போதும். பல பெட்டிகள் 12 வோல்ட். அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாகக் கொல்லைக் கோடியில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு ஒரு கேமரா வைக்க சித்தப்பா ஆசைப்பட்டார். அங்கே மட்டும் லேன் வயர் இழுக்க நான் சம்மதிக்கவில்லை. என் வீட்டில் அப்படி வெட்டவெளியில் இழுத்திருந்த செம்பு வயர், ஓர் ஐப்பசி மழையில் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தபோது ஸ்விட்சின் இரண்டு துளைகளையும் கேமராவையும் சேர்த்துக் கருக்கிவிட்டது. வயரில் இடி விழவே இல்லை. பக்கத்தில் விழுந்த இடியால் வயரில் தூண்டப்பட்ட மின்னழுத்தமே போதுமாக இருந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இரும்புக் கம்பி சேராத ஃபைபர் வயர் 30 மீட்டரும், இரண்டு முனைக்கும் ஒளியையும் மின் சமிக்ஞையையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டரும் வாங்கி, குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்தோம்.