சிறு கல்லூரியின் விளையாட்டுக் கணக்கு: கேட்டால் தர வேண்டிய அறிக்கை

அமெரிக்காவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் ஒரு கல்லூரி, மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் இடம்பெற்று, பிற கல்லூரிகளோடு மோதும் விளையாட்டு அணிகளையும் நடத்தினால், அந்த அணிகளில் யார் ஆடினார்கள், எவ்வளவு செலவானது, அந்தச் செலவு ஆண்கள் அணிகளுக்கும் பெண்கள் அணிகளுக்கும் எப்படிப் பிரிந்தது என்பதை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15ஆம் தேதிக்குள் ஓர் அறிக்கையாகத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். அங்கே படிக்கும் மாணவர், சேர நினைக்கும் மாணவர், அவர்களின் பெற்றோர், எந்தத் தொடர்பும் இல்லாத பொதுமக்களில் ஒருவர் என யார் கேட்டாலும் அதைத் தாமதமின்றித் தந்தாக வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கட்டாயமாக்கியது 1994இல் நிறைவேறிய ‘ஈக்விட்டி இன் அத்லெடிக்ஸ் டிஸ்க்ளோஷர் ஆக்ட்’. விளையாட்டில் சமநிலை பற்றிய தகவல் வெளியீட்டுச் சட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். கல்லூரி அலுவலகங்களில் ஈ.ஏ.டி.ஏ. என்றால்தான் புரியும். இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த கார்டிஸ் காலின்ஸ் மக்களவையிலும், அதே மாநிலத்தின் செனட்டர் கேரல் மோஸ்லி பிரான் மேலவையிலும் இதற்காக வாதாடினார்கள். முதல் அறிக்கைகள் 1996இல் வெளிவந்தன. இப்போது எல்லாக் கல்லூரிகளின் எண்களையும் அமெரிக்கக் கல்வித் துறை தன் இணையதளத்தில் திரட்டி வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயரைத் தட்டினால் பல ஆண்டு அறிக்கைகள் கிடைக்கும்.

பெரிய பல்கலைக்கழகங்களின் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் கோடிக்கணக்கான டாலர் பயிற்சியாளர் சம்பளங்களும் நாளிதழ்களில் அடிபடுவதால், இந்த அறிக்கை அவற்றுக்கானது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மாணவர்கள் படிக்கும் சிறு கல்லூரிகளுக்குத்தான் இது அதிகம் பயன்படுகிறது என்பது என் எண்ணம். அங்கே விளையாட்டைப் பற்றி வெளியிலிருந்து எழுதுபவர் எவரும் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் மடக்கு நாற்காலியைக் காரிலிருந்து எடுத்துவரும் பெற்றோர்கள்; டிக்கெட் விற்றுப் பெரும்பணம் எதுவும் சேராது. ஆயினும் மாணவர்களில் மூன்றில் ஒருவர் ஏதாவதோர் அணியில் இருக்கும் சிறு கல்லூரிகள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் விளையாட்டின் வரவு செலவு என்பது கல்லூரியின் பிழைப்பையே தொடுகிற கணக்கு.

உதவித்தொகை என்ற சொல்

என் மகள் பள்ளி இறுதியாண்டில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு சிறு கல்லூரியின் பயிற்சியாளர் தொலைபேசியில் அன்பாகப் பேசி, “நல்ல தொகை கிடைக்கும்” என்றார். அவளுடைய ஆட்டத்துக்காகக் கிடைக்கும் பணம் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். வந்த கடிதத்தில் டென்னிஸ் என்ற சொல்லே இல்லை. மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை என்று ஒரு வரியும், குடும்ப வருமானத்தை வைத்துக் கணக்கிட்ட உதவி என்று மற்றொரு வரியும் இருந்தன. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இதே இடத்தில் குழம்பியிருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு மூன்று பிரிவுகளாக இயங்குகிறது. சிறு தனியார் கல்லூரிகளில் மிகப் பல டிவிஷன் 3இல் இருக்கின்றன. ஏறத்தாழ 430 கல்லூரிகளும் சுமார் 2 லட்சம் விளையாட்டு மாணவர்களும் கொண்ட இந்தப் பிரிவில், விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை தருவதற்கு அனுமதியே இல்லை. ஆகவே டிவிஷன் 3 கல்லூரியின் ஈ.ஏ.டி.ஏ. அறிக்கையில் விளையாட்டு சார்ந்த மாணவர் உதவி என்ற வரியில் பூஜ்யம் இருக்கும். மாணவருக்குப் பணமே கிடைக்காது என்று இதற்குப் பொருளில்லை. கிடைக்கும் பணம் மற்ற மாணவர்களுக்குப் பொருந்தும் அதே அளவுகோல்களின்படி வருகிறது. அணியில் இருப்பதை நிபந்தனையாக வைத்து அதைத் தர முடியாது. இதன் பலனைப் பெற்றோர் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்: இரண்டாம் ஆண்டில் முழங்கால் காயத்தால் மகள் அணியை விட்டு விலகினாலும், மதிப்பெண் நிபந்தனை நிறைவேறும்வரை அந்த உதவித்தொகை நிற்கக் கூடாது.

டிவிஷன் 2 கல்லூரிகளிலும், என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் உள்ள கல்லூரிகளிலும் நிலைமை வேறு. அங்கே விளையாட்டு உதவித்தொகை உண்டு. பெரும்பாலும் அது முழுக் கட்டணமாக இல்லாமல் பகுதித் தொகையாகவே பல வீரர்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. மொத்தத்தில் ஆண்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு என்பதை அறிக்கை காட்டும்.

வரவும் செலவும் ஒரே எண்

அறிக்கையை முதன்முதலாகப் பார்ப்பவரைத் தவறாமல் ஏமாற்றுவது மொத்த வரவு, மொத்தச் செலவு என்ற இரண்டு வரிகள்தான். ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 3,842,615 டாலர். மொத்த வரவும் 3,842,615 டாலர். ஒரு டாலர்கூட மிச்சமில்லை, ஒரு டாலர்கூடப் பற்றாக்குறையில்லை. உண்மையான சிறு கல்லூரிகளின் அறிக்கைகளிலும் இப்படி ஒரே எண் இரண்டு இடத்திலும் நிற்பதை அடிக்கடி காணலாம். விளையாட்டுத் துறை தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்கிறது என்று இதைப் படிப்பது பெரும் பிழை. செலவுக்குக் குறையாத வரவைக் காட்டும்படிதான் படிவம் அமைக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட், நன்கொடை, கோடை முகாம், விளம்பரப் பலகை, மாணவர்களிடம் வாங்கும் செயற்பாட்டுக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டியபின் எஞ்சும் இடைவெளியைக் கல்லூரி தன் பொதுநிதியிலிருந்து நிரப்பி, அதையும் வரவாக எழுதிவிடுகிறது. எவ்வளவு நிரப்பியது என்பது பொது அறிக்கையில் தனியாகத் தெரியாது. நான் பார்த்தவரையில், கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்த வரவில் கல்லூரியின் சொந்தப் பணம் எத்தனை?

செலவுப் பக்கத்தில் ‘செயற்பாட்டுச் செலவு’ என்ற வரி, சொல் தருகிற தோற்றத்தைவிடக் குறுகலானது. ஆட்ட நாளோடு தொடர்புடைய தங்குமிடம், சாப்பாடு, பயணம், சீருடை, கருவிகள், நடுவர் கூலி ஆகியவை மட்டுமே அதில் சேரும், சம்பளம் சேராது. ஓர் அணியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை இந்த வரிதான் காட்டுகிறது. நம் கற்பனைக் கல்லூரியில் ஆண்கள் டென்னிஸ் அணியில் 10 பேர், செயற்பாட்டுச் செலவு 18,000 டாலர். பெண்கள் அணியில் 12 பேர், 15,600 டாலர் என்று வைத்துக்கொண்டால், தலைக்கு 1,800 டாலரும் 1,300 டாலரும் ஆகிறது. ஒரே விளையாட்டு, ஒரே மைதானம், ஒரே வகை மட்டை. இடையே 500 டாலர் வித்தியாசம். ஆண்கள் அணி வசந்தகாலப் பயிற்சிக்கு விமானத்தில் போய், பெண்கள் அணி வேனில் போயிருக்கலாம். அந்த ஆண்டு ஆண்களுக்கு மட்டும் புதுச் சீருடை வாங்கியிருக்கவும் கூடும். இரண்டாவது காரணமென்றால் அடுத்த ஆண்டு அறிக்கையில் வித்தியாசம் மறைந்துவிடும். அதனால்தான் ஒரே ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டாமல், குறைந்தது மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எந்த அணிக்கும் ஒதுக்கப்படாத தொகை என்று ஒரு வரி இருக்கும். விளையாட்டுத் துறை இயக்குநரின் சம்பளம், காயம் பார்க்கும் சிகிச்சை அறை, பொது அலுவலகச் செலவு போன்றவை அங்கே போய்ச் சேர்கின்றன. சிறு கல்லூரிகளில் இந்த வரி பெரிதாக இருப்பது இயல்பு. ஆனால் அது ஆண்டுக்காண்டு வளர்ந்து, ஆண்-பெண் அணிகளுக்கென்று பிரித்துக் காட்டிய தொகை சுருங்கிக்கொண்டே போனால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எழுதப்பட்ட அறிக்கையில் ஒப்பிடுவதற்கே எதுவும் மிஞ்சாது.

பயிற்சியாளர் சம்பளத்தைச் சராசரியாகத்தான் தருகிறார்கள். சிறு கல்லூரியில் ஒருவரே ஆண்கள், பெண்கள் நீச்சல் அணிகள் இரண்டுக்கும் பயிற்சியளிப்பார். அவரே மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் பாதி நேரம் வேலை பார்ப்பார். பயிற்சிக்குரிய பங்கு மட்டுமே கணக்கில் வரும் என்பதால், தலைக்கான சராசரியோடு முழுநேர வேலைக்கு ஈடாகக் கணக்கிட்ட சராசரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆட்களை எண்ணும் விதம்

முதல் ஆட்டம் நடக்கும் நாளில் அணிப் பட்டியலில் இருப்பவர்களும், அணியோடு சேர்ந்து பயிற்சி பெறுபவர்களும் அந்த அணியின் வீரர்களாக எண்ணப்படுகிறார்கள். இலையுதிர் காலத்தில் குறுக்குநில ஓட்டமும் வசந்தத்தில் தடகளமும் ஓடுகிற ஒரு மாணவி இரண்டு முறை எண்ணப்படுவாள். ஆகவே, ஒருவரை ஒரு முறை மட்டும் எண்ணிய தொகையும் அறிக்கையில் தனியாகத் தரப்படுகிறது. இவற்றில் இரண்டாவதையே நம்பலாம். பெண்கள் கூடைப்பந்து அணியோடு பயிற்சிக்காக மட்டும் ஆடும் ஆண் மாணவர்களும் இந்தப் படிவத்தின் விதிப்படி பெண்கள் அணியின் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். எண்ணிக்கைக்கு அடியிலுள்ள விளக்கக் குறிப்பைப் படிக்காமல் விடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

டைட்டில் 9 என்று வழங்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்த எண்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிறுவனத்தில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது அந்தச் சட்டம். இரு தரப்புக்கும் ஒரே தொகை செலவழிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1979இல் வெளியான அரசு விளக்கத்தின்படி, ஆடும் வாய்ப்பைப் பொறுத்தவரை மூன்று வழிகளில் ஒன்றைக் கல்லூரி காட்டினால் போதும்: மாணவர் தொகையில் பெண்களின் பங்கும் வீரர்களில் பெண்களின் பங்கும் ஏறக்குறைய ஒத்திருப்பது, வாய்ப்புக் குறைந்த தரப்புக்கு அணிகளைத் தொடர்ந்து கூட்டி வந்திருப்பது, அல்லது அவர்களுடைய ஆர்வத்துக்கும் திறமைக்கும் முழுமையாக இடம் கொடுத்திருப்பது. நம் கற்பனைக் கல்லூரியில் மாணவர்களில் 55 விழுக்காடு பெண்கள், வீரர்களில் 40 விழுக்காடு பெண்கள் என்றால், முதல் வழி அடைபட்டுவிட்டது. மற்ற இரண்டில் ஒன்றைக் கல்லூரி மெய்ப்பித்தாக வேண்டும். விளையாட்டு உதவித்தொகைக்கு விதி இன்னும் இறுக்கமானது: மொத்த உதவியில் பெண்களின் பங்கு, வீரர்களில் அவர்களின் பங்கிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கு மேல் விலகினால் கல்லூரி தகுந்த காரணம் காட்ட வேண்டியிருக்கும். அறிக்கை மட்டுமே மீறலை நிரூபித்துவிடாது. எங்கே கேட்க வேண்டும் என்பதை அது காட்டும்.

இந்தச் சட்டங்களின் வரலாற்றிலேயே ஒரு சிறு கல்லூரி நடுவில் நிற்கிறது. பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி கல்லூரி தொடுத்த வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம், மாணவர் நிதியுதவி வழியாக வரும் அரசுப் பணம் அந்த உதவிப் பிரிவை மட்டுமே டைட்டில் 9க்குக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. விளையாட்டுத் துறைகள் ஏறத்தாழ முழுவதுமாகச் சட்டத்தின் கைக்கு வெளியே போயின. 1988இல் அதிபர் ரீகனின் தடுப்பாணையையும் மீறி நாடாளுமன்றம் இயற்றிய புதுச் சட்டம், நிறுவனத்தின் ஒரு பகுதி அரசுப் பணம் பெற்றாலும் முழு நிறுவனமும் கட்டுப்படும் என்று திருத்தியது. குரோவ் சிட்டி பின்னர் அரசு உதவித் திட்டங்களிலிருந்து முழுவதுமாக விலகிக்கொண்டது. அப்படி விலகிய ஒருசில கல்லூரிகளுக்கு ஈ.ஏ.டி.ஏ. பொருந்தாது.

அறிக்கையில் இல்லாதது

சிறு கல்லூரி அணிகளை நடத்துவதன் மிகப்பெரிய காரணம் இந்த அறிக்கையில் எங்கும் வராது. நூறு பேர் கொண்ட அமெரிக்கன் ஃபுட்பால் அணியைத் தொடங்கினால், வேறெங்கோ போயிருக்கக்கூடிய நூறு மாணவர்கள் கட்டணம் கட்டிச் சேர்கிறார்கள். அந்தக் கட்டணம் விளையாட்டு வரவாக எழுதப்படுவதில்லை. அதேபோல அவர்களை ஈர்ப்பதற்காகக் கல்லூரி கட்டணத்தில் விட்டுக்கொடுத்த தள்ளுபடியும் விளையாட்டுச் செலவாக எழுதப்படுவதில்லை. பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆடுகளத்தில் ஒன்பது பேர் நிற்கும் விளையாட்டுக்கு முப்பது பேரை எடுத்து, பாதிப்பேர் பயிற்சியோடு நின்றுவிடுவதும் நடக்கிறது. வீரர் எண்ணிக்கை வரியைப் பார்க்கும் பெற்றோர், ஆட்டத்தில் இறங்குபவர் எத்தனை பேர் என்று பயிற்சியாளரிடமே கேட்டுவிடுவது பிள்ளைக்குச் செய்யும் நன்மை.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த கல்லூரியும் உண்டு. சுமார் 1,400 மாணவர்கள் படித்த சுவார்த்மோர் கல்லூரி, ஃபுட்பால் அணிக்காக ஒதுக்க வேண்டிய சேர்க்கை இடங்கள் தன் அளவுக்கு மிக அதிகம் என்று கருதி, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த அணியைக் கைவிட்டது. பழைய மாணவர்கள் கடுமையாக எதிர்த்தும் முடிவு மாறவில்லை. அணிகள் இருப்பதே ஒரு கல்லூரியைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரியைச் சொல்ல வேண்டும். 1856இல் தொடங்கிய அந்தக் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி ஒஹையோவில் டிவிஷன் 3 தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது.

அறிக்கையைக் கேட்க விரும்புபவர் கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்துக்கோ மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்கோ ஒரு வரி எழுதினால் போதும். மாணவர்களுக்கு இப்படி ஓர் அறிக்கை இருப்பதையும் அதைக் கேட்கும் உரிமை இருப்பதையும் தெரிவிப்பது கல்லூரியின் கடமை. பதில் வராவிட்டால் கல்வித் துறையின் இணையதளத்திலேயே எண்களைப் பார்த்துக்கொள்ளலாம். எண்களைத் தாண்டி, பெண்கள் அணிகள் உண்மையில் பாகுபாட்டுக்கு ஆளாகின்றன என்று தோன்றினால், புகார் செய்ய வேண்டிய இடம் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் (ஆபிஸ் ஃபார் சிவில் ரைட்ஸ்); பாகுபாடு நடந்த நாளிலிருந்து பொதுவாக 180 நாட்களுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.