சொல் விளக்கம்: அப்பீல் – மேல்முறையீடு

‘அப்பீல் போட்டிருக்கிறோம்’ என்று சொன்னால் தமிழர் யாருக்கும் விளங்கும். கீழே தோற்ற வழக்கு மேலே போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அமெரிக்கப் படையில் பணியாற்றி, அதனால் உடலிலோ மனத்திலோ பாதிப்படைந்து, அதற்கான இழப்பீடு அந்நாட்டு முன்னாள் படைவீரர் துறையால் மறுக்கப்பட்டவர்களின் நிலை வேறு. அவர்கள் ‘அப்பீல்’ என்று சொல்லும் ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி வழிகள் அடங்கியிருக்கின்றன. வழி மாறிப் போனால், கையில் உள்ள புதிய மருத்துவச் சான்றை யாருமே பார்க்காமல் போகலாம்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘அப்பெல்லாரே’ என்றால் ஒருவரை விளித்தல், பெயர் சொல்லி அழைத்தல், துணைக்குக் கூப்பிடுதல். பழைய ரோமில் அதிகாரி ஒருவரின் ஆணையால் பாதிக்கப்பட்ட குடிமகன், மக்கள் சார்பில் தடுக்கும் அதிகாரம் பெற்றிருந்த திரிபூனைத் துணைக்கு அழைப்பான். பேரரசர் காலத்தில் அந்த அழைப்பு பேரரசர் வரை போனது. பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் சொல் பல கிளை விட்டது. நன்கொடை கேட்பதும் அப்பீல், கிரிக்கெட்டில் நடுவரிடம் அவுட் கேட்பதும் அப்பீல். ஆகவே தமிழில் எழுதும்போது ‘வேண்டுகோள்’ என்று போட்டுவிடக் கூடாது. வேண்டுகோள் கேட்பவரின் மனமிரங்கலை நம்பி நிற்பது. முன்னாள் படைவீரர் கேட்பதோ சட்டம் தந்த உரிமை.

சரியான தமிழ்ச் சொல் மேல்முறையீடு. இலங்கையில் புணர்ச்சி விதிப்படி ‘மேன்முறையீடு’ என்றே எழுதுகிறார்கள், அதுவும் சரியே. ‘முறையிடு’ என்ற வினையின் ‘இடு’ நீண்டு ‘முறையீடு’ ஆனது, ‘படு’ என்பது ‘பாடு’ ஆனதுபோல. ‘முறை’க்கு ஒழுங்கு, உறவு, தடவை என்று பல பொருள் உண்டு. இங்கே பொருந்துவது நீதி. செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள் அதற்கு இலக்கணமே சொல்லிவிடுகிறது: ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’. ஆராய்ந்து, ஒருபக்கம் சாயாமல், யாராயினும் தெளிந்து செய்வதே முறை. முறையிடுவது என்றால் அந்த நீதியைக் கேட்டு நிற்பது. ‘மேல்’ சேரும்போது, கீழே கிடைக்காத முறையை மேலே கேட்பது என்றாகிறது. மூலச்சொல்லில் அழைப்பு மட்டும் இருக்க, தமிழ்ச்சொல்லில் எதற்காக அழைக்கிறோம் என்பதும் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்திலும் இந்த மனு இரக்கத்தை எதிர்பார்ப்பதாக அமையவில்லை. ஆதரவான சான்றும் எதிரான சான்றும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், ஐயத்தின் பலன் படைவீரருக்கே சேர வேண்டும் என்பது அங்குள்ள விதி. பாதிப்பு பணியால் வந்திருக்க ‘குறைந்தது சரிபாதி வாய்ப்பு’ உண்டு என்று மருத்துவர் காரணத்தோடு எழுதித் தந்தால் அந்தக் கருத்துக்கு மதிப்பு அதிகம்.

‘மேல்’ எவ்வளவு மேல் என்பதற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. முன்னாள் படைவீரர்களின் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் மேல்முறையீட்டு வாரியம் 1933இல் அமைக்கப்பட்டது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாரியத்தின் சொல்லே முடிவான சொல். அதற்கு மேலே நீதிமன்றம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் பெயரளவில்தான். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864இல், விதித்த 10 டாலர் கட்டண உச்சவரம்பு 1988 வரை அப்படியே இருந்தது. அந்தத் தொகைக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? 1988ஆம் ஆண்டுச் சட்டம்தான் வாரியத்துக்கு மேலே ஒரு நீதிமன்றத்தை உண்டாக்கியது. அதற்குமுன் வாரியத்தில் தோற்ற பல தலைமுறை வீரர்களுக்கு ‘மேல்’ என்ற சொல்லே பொருளற்றதாக இருந்தது என்பதை நினைக்க வேதனையாக இருக்கிறது.

இனி அந்த மூன்று வழிகள். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தச் சட்டம் இவற்றை வகுத்தது. ஏற்கெனவே உள்ள கோப்பை மட்டும் வைத்து, முன்பு முடிவு செய்தவரைவிட மூத்த அலுவலர் ஒருவர் புதிதாகப் பார்ப்பது ஒன்று. இதில் புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது. தொலைபேசியில் பேசிப் பிழையைச் சுட்டிக்காட்டலாம். இதை ‘மேல்நிலை மறுஆய்வு’ எனலாம். புதியதும் தொடர்புடையதுமான சான்று கையில் இருந்தால் அதைச் சேர்த்துத் தருவது இன்னொன்று. ‘துணைக் கோரிக்கை’ என்பது அதற்குப் பொருந்தும் பெயர். சான்று திரட்ட உதவும் கடமை துறைக்கு இந்த வழியில் உண்டு, மறுஆய்வில் இல்லை. கையில் சான்று இருந்தும், ‘மேல்நிலை’ என்ற பெயரைப் பார்த்து ஒருவர் மறுஆய்வுக்குப் போனால் இழப்பது இதைத்தான்.

மூன்றாவது வழிதான் வாரியத்துக்குப் போவது. என் கருத்தில் மேல்முறையீடு என்ற பெயரை இதற்கு மட்டுமே தர வேண்டும், ஏனென்றால் இதில்தான் கோப்பு துறையின் அலுவலர்களைத் தாண்டி வாரிய நீதிபதியிடம் போகிறது. இங்கும் உட்பிரிவு உண்டு: இருக்கும் கோப்பின்படி முடிவு கேட்கலாம், 90 நாளுக்குள் புதிய சான்று தரலாம், அல்லது நீதிபதி முன் விசாரணை கேட்கலாம்.

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டு என்பதை மறக்கக் கூடாது. மறுஆய்வுக்கும் வாரியத்துக்கும் அது கெடு. துணைக் கோரிக்கையை அதற்குப் பிறகும் தரலாம். ஆனால் ஓராண்டுக்குள் தந்தால்தான் முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து நிலுவை கணக்கிட வழி இருக்கும். தாமதித்தால் வென்றாலும் இடைப்பட்ட மாதங்களின் பணம் போய்விடும். வாரியமும் மறுத்துவிட்டால் நீதிமன்றம் செல்ல 120 நாள்.

மேல்முறையீடு முழு மறுப்புக்கு மட்டும் உரியதன்று. பாதிப்பை 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக விழுக்காடு போடுகிறார்கள். விழுக்காடு குறைவு என்றாலோ பணம் தொடங்கும் தேதி தவறு என்றாலோ அந்த ஒரு கூறை மட்டும் எதிர்த்து முறையிடலாம்.

கூடவே வரும் ‘வெட்டரன்’ என்ற சொல் பற்றியும் ஒரு குறிப்பு. அதன் இலத்தீன் வேருக்கு ‘பழைய’ என்று பொருள். அதனால் ‘மூத்த வீரர்’ என்று சிலர் எழுதக்கூடும். ஆனால் இருபத்திரண்டு வயதில் படையிலிருந்து வெளிவந்தவரும் சட்டப்படி வெட்டரன்தான், வயது கணக்கில்லை. ‘முன்னாள் படைவீரர்’ என்பதே சரி.