பேதி நின்றது, காலரா நிற்கவில்லை

விக்டோரியா காலத்தில் இந்தியாவில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்க முடிந்தால், காய்ச்சலுக்குக் குயினைன் இருக்கும். அதற்குப் பக்கத்தில் வெல்லப்பாகு மாதிரி கருப்பாக, கெட்டியாக ஒரு திரவம் அடைத்த சின்னப் புட்டியும் அநேகமாக இருக்கும். அதன் பெயர் குளோரோடைன். மூடியைத் திறந்தால் புதினா வாசனை. நாக்கில் முதலில் இனிப்பு, அப்புறம் தொண்டையில் மிளகாய்க் காரம், வயிற்றுக்குள் இதமாக ஒரு சூடு. வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, இருமல், தூக்கமின்மை, நரம்புவலி, கடைசியில் காலரா வரைக்கும் இது கேட்கும் என்றன விளம்பரங்கள்.

இப்படிச் சர்வரோக நிவாரணி என்று எதையாவது யாராவது விற்றால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தக் காலத்தில் சிரிக்க வேண்டிய சரக்குகள் நிறையவே இருந்தன. 1842 முதல் விற்ற பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், பெறும் என்று விளம்பரம் செய்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் பகுத்துப் பார்த்து 1909-ல் வெளியிட்ட முடிவின்படி உள்ளே இருந்தவை கரியபோளம், இஞ்சி, சோப்பு. ஒரு பெட்டிக்கான சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு.

குளோரோடைனை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. அது உண்மையாகவே வேலை செய்தது. வம்பே அதில்தான் இருந்தது.

ஜான் காலிஸ் பிரவுன் என்ற ராணுவ டாக்டர் 1848 வாக்கில் இந்தியாவில் இருந்தபோது இதைக் கூட்டினார் என்பார்கள். 1854-ல் அவர் இங்கிலாந்துக்கு வந்திருந்த சமயம் டர்ஹம் மாவட்டத்தில் டிரிம்டன் என்ற ஊரில் காலரா கண்டது; அங்கே போய் இதைக் கொடுத்துப் பார்த்தார். 1856-ல் ராணுவத்தை விட்டுவிட்டு, டாவன்போர்ட் என்ற லண்டன் மருந்து வியாபாரியிடம் தயாரிப்பு உரிமையைக் கொடுத்தார். குளோரோஃபார்மையும், வலிநிவாரணியைக் குறிக்கும் ‘அனோடைன்’ என்ற சொல்லையும் ஒட்டவைத்துப் பெயர் வைத்தாயிற்று. குளோரோஃபார்ம் அப்போது புத்தம் புதுச் சரக்கு. எடின்பரோவில் சிம்சன் என்ற டாக்டர் அதை மயக்க மருந்தாகப் பயன்படுத்திக் காட்டியதே 1847-ல்தான்.

இந்த வகை மருந்துகளை ‘பேடன்ட் மருந்து’, அதாவது காப்புரிமை மருந்து, என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமையே கிடையாது. காப்புரிமை வாங்க வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் ரகசியம் போய்விடும். பெயரையும் முத்திரையையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள். புட்டியின் மேல் அரசாங்க வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். குளோரோடைனின் சின்னப் புட்டி 1 ஷில்லிங் 1½ பென்னி. அந்த உதிரி ஒன்றரைப் பென்னிதான் மருந்துகள் மீதான முத்திரை வரி. வரி கட்டியதற்கு அடையாளமான அந்த வில்லையைப் பார்த்து, அரசாங்கமே மருந்துக்கு உத்தரவாதம் தருகிறது என்று வாங்கியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். விற்றவர்களும் அதைத் திருத்தப் போகவில்லை.

சரி, உள்ளே என்ன இருந்தது? ஆளுக்கு ஆள் கைப்பக்குவம் வேறு. ஆனால் அபின் அல்லது அதன் சத்தான மார்ஃபின், குளோரோஃபார்ம், கஞ்சாச் சாறு ஆகிய மூன்றும்தான் முதுகெலும்பு. மிளகாய்ச் சத்தும் புதினா எண்ணெயும் மணத்துக்கும் காரத்துக்கும்.

அபினிலிருந்து தொடங்குவோம். நம் குடலின் சுவருக்குள் ஒரு தனி நரம்பு வலை இருக்கிறது. சாப்பாட்டைக் குடல் வழியே தள்ளிக்கொண்டு போகும் அலை அசைவை மூளையைக் கேட்காமலேயே அது நடத்திக்கொள்ளும். அந்த நரம்புகளின் மேல் மார்ஃபின் வந்து ஒட்டுவதற்கென்றே அமைந்த ஏற்பிகள் உண்டு. மார்ஃபின் ஒட்டியதும், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத் தூது குறைகிறது. முன்னே தள்ளும் அசைவு தளர்கிறது. குடலில் இருப்பது அங்கேயே தங்குகிறது. தங்கும் நேரத்தில் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பேதி நிற்கிறது. இதே ஏற்பிகள் மூளையிலும் முதுகுத் தண்டிலும் இருப்பதால் வலி மங்குகிறது, மூளைத்தண்டில் இருமலைத் தூண்டும் இடம் அடங்குகிறது, தூக்கம் வருகிறது. விளம்பரத்தில் இருந்த நீண்ட பட்டியலில் பெரும்பகுதி, இந்த ஒரே பூட்டுக்கு ஒரே சாவி என்ற கதைதான். கஞ்சாவுக்கும் குடலில் தனி ஏற்பிகள் உண்டு, அதுவும் அசைவைக் கொஞ்சம் குறைக்கும். குளோரோஃபார்ம் தந்தது இனிப்பும் சூடும் லேசான கிறக்கமும். மருந்து ‘பிடிக்கிறது’ என்று உடனே உணரவைத்தது அதுதான்.

குளோரோஃபார்மில் ஒரு தொல்லையும் இருந்தது. தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம், பாகோடு லேசில் சேராது. புட்டியை ஆட்டாமல் வைத்தால் அடுக்கு பிரியும். சொட்டுக் கணக்கில் அளந்து கொடுக்கும் மருந்தில், மேலே இருக்கும் சொட்டும் அடியில் இருக்கும் சொட்டும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காலராவுக்கு வருவோம். காலராக் கிருமி குடல் சுவரை அரிப்பதில்லை. அது விடும் நஞ்சு, குடலின் மேல்தோல் செல்களுக்குள் போய் உப்பை வெளியே விடும் கதவுகளைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உப்பு குடலுக்குள் கொட்டுகிறது, அதன் பின்னாலேயே ரத்தத்தில் இருக்கும் தண்ணீர் ஓடுகிறது. கடுமையான காலராவில் மணிக்கு 1 லிட்டர் வரை போகும். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளியேறும் அது, உண்மையில் ரத்தத்தின் நீர்ப்பகுதிதான். கண் குழிந்து, குரல் கம்மி, நாடி விழுந்து, சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவார்.

இந்த நிலையில் குளோரோடைன் கொடுத்தால் குடலின் அசைவு அடங்கும், வயிற்றுப் பிடிப்பின் வலியும் தெரியாது. கதவுகள் மட்டும் திறந்தே இருக்கும். மாடித் தொட்டியில் ஓட்டை விழுந்திருக்கும்போது கீழே வடிகாலை அடைப்பது மாதிரிதான். முற்றம் காய்ந்து கிடக்கும், தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். குடல் லிட்டர் கணக்கில் நீரைத் தனக்குள்ளேயே தேக்கிவைக்கக் கூடியது. வெளியே பேதி நின்ற நிம்மதி, உள்ளே வற்றிக்கொண்டிருக்கும் ரத்தம்.

இந்தக் கணக்கு அப்போது யாருக்கும் தெரியாதா என்றால், தெரியும். 1831-ல் சண்டர்லாந்தில் காலரா பரவியபோது ஓஷாக்னெசி என்ற 22 வயது அயர்லாந்து டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். தண்ணீரும் உப்பும் குறைந்துவிட்டன, அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்த தாமஸ் லட்டா என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1832-ல் செய்து பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் ரத்தக்குழாயில் அரை மணி நேரத்தில் சுமார் மூன்றரை லிட்டர் உப்புநீரை ஏற்றினார். குழிந்த கண் நிமிர்ந்தது, நாடி திரும்பியது, கிழவி பேசினாள். இனிப் பயமில்லை என்று லட்டா ஓய்வெடுக்கப் போனார். வாந்தியும் பேதியும் மறுபடி தொடங்கின. திரும்ப நீர் ஏற்ற ஆளில்லாமல் ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள். இழப்பு நீடிக்கும்வரை ஈடு செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பது பிடிபடவில்லை. நீரில் கிருமி இருந்தால் அதுவே கொல்லும் என்பதும் தெரியாது. அடுத்த வருஷமே லட்டாவும் இறந்தார், முறை கிடப்பில் போனது.

ஓஷாக்னெசி என்ன ஆனார்? கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் கல்கத்தா வந்தார். 1839-ல் கஞ்சாவின் மருத்துவக் குணங்களை எழுதி மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார். காலராவுக்கு அவர் சொன்ன சரியான வழியை அதிகம் பேர் பின்பற்றவில்லை. அவர் கைகாட்டிய கஞ்சா மட்டும் குளோரோடைன் புட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. மனிதர் பிறகு இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போடக் கிளம்பிவிட்டார், அது வேறு கதை.

குளோரோடைன் காலராவைக் குணமாக்கியது என்று அத்தனை பேர் நம்பியதற்குக் காரணம் உண்டு. சாதாரண வயிற்றுப்போக்கையும் காலரா என்று சொல்லிவந்த காலம் அது. அது தானாகவே நிற்கும். நிஜக் காலராவிலும் வைத்தியமே இல்லாமல் பாதிப் பேர் வரை பிழைப்பார்கள். பிழைத்தவர் நற்சான்று எழுதி அனுப்புவார். இறந்தவர் எழுதுவதில்லை.

அபின் புட்டி வீட்டு அலமாரியில் இருந்தால் வரக்கூடியதும் வந்தது. பழக்கம் விடாமல் புட்டி புட்டியாகக் குடித்தவர்கள், அளவு மீறி இறந்தவர்கள் என்று தொடர்ந்தது. பிரிட்டனின் 1868 மருந்துக்கடைச் சட்டம் அபின் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது, ஆனால் பேடன்ட் மருந்துகளுக்கு விலக்கு. 1892-ல் டாவன்போர்ட் மீது நடந்த வழக்குக்குப் பிறகுதான் ‘விஷம்’ என்று ஒட்டி விற்க வேண்டியதாயிற்று.

மருந்தின் நல்ல பாதியை வேதியியல் பிறகு பிரித்தெடுத்துக்கொண்டது. இன்று பேதிக்குக் கொடுக்கும் லோப்பரமைடு, குடலில் மார்ஃபின் ஒட்டும் அதே ஏற்பியில்தான் ஒட்டுகிறது. வழக்கமான அளவில் மூளைக்குள் நுழையப் பார்த்தால் அங்குள்ள காவல் புரதங்கள் வெளியே தள்ளிவிடுகின்றன, அதனால் போதை இல்லை. காலராவுக்கு அதையும் கொடுக்கக் கூடாது என்பார்கள்.

காலராவுக்கு வழி வேறு பக்கமிருந்து வந்தது. நஞ்சு உப்புக் கதவுகளைத் திறந்துவைத்தாலும், குளுக்கோஸையும் சோடியத்தையும் கைகோத்து உள்ளே இழுக்கும் இன்னொரு கதவு கெடாமல் இருக்கிறது. தண்ணீர் அதன் பின்னால் போகும். 1971-ல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் திலீப் மகலானாபிஸ் என்ற டாக்டர் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. இன்று மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கிடைக்கும் அந்த உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. சூத்திரம் முழுக்கப் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்.