ரீகோல் என்றால் பஸ்ஸைப் பறிப்பதா?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. காலை ஆறரை மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று "திசைமாற்றிக் குறைபாடு காரணமாகத் தனது பேருந்துகளை மீளப்பெறுகின்றது" என்று வாசித்தார்கள். எனக்குப் பக்கத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த மூதூர் பஸ் சாரதி கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "லீசிங் கட்டாத பஸ்ஸுகளோ அண்ணை?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் தமிழைச் சரியாகத்தான் விளங்கியிருக்கிறார். ஒருவருடைய பஸ்ஸை இன்னொருவர் மீளப்பெறுகிறார் என்றால், தவணை தவறிவிட்டது, கம்பனி ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் எங்கள் ஊர்ப் பொருள். பிழை சாரதியில் இல்லை. செய்தியை மொழிபெயர்த்தவரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரீகோல்' (recall) என்று இருப்பதைத்தான் 'மீளப்பெறல்' ஆக்கிவிட்டார். இந்த மொழிபெயர்ப்பை எத்தனையாவது தடவை கேட்கிறேன் என்று கணக்கும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சொல்லின் வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. 'கோல்' என்பது அழைத்தல். பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. முன்னால் உள்ள 'ரீ' லத்தீன் ஒட்டு. திரும்ப, மறுபடி என்று பொருள். லத்தீனில் 'ரெவொகாரே' என்ற வினைச்சொல் இருந்தது, குரல் கொடுத்துத் திரும்ப வரச்சொல்வது. அதைப் பார்த்து ஆங்கிலத்தில் கட்டிய சொல்தான் ரீகோல். தூதுவரை நாடு திருப்பி அழைப்பதும் ரீகோல்தான். பழையதை நினைவுக்குக் கொண்டுவருவதும் ரீகோல்தான். 2003 இல் கலிபோர்னியா வாக்காளர்கள் தங்கள் ஆளுநரைப் பதவிக்காலம் முடியுமுன் வாக்களித்து இறக்கியதும் ரீகோல்தான். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அழைப்பு இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர் 'ரீ'யை மொழிபெயர்த்தார், 'கோலை' விட்டுவிட்டார்.

சரி, வாகன விடயத்தில் என்ன நடக்கிறது? ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்த பஸ்களில் ஸ்டியரிங் தண்டு மூட்டின் ஆணி ஒன்று சரியாக இறுக்கப்படவில்லை என்று வையுங்கள். அல்லது முன்சில்லைத் திருப்புகிற டை ரொட் என்ற தண்டின் முனையில் உள்ள மூட்டு பலவீனமானது என்று வையுங்கள். அது கழன்றால் சாரதி எந்தப் பக்கம் ஒடித்தாலும் முன்சில்லு தன் பாட்டுக்குப் போகும். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தில் போகும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தெரியவந்ததும் நிறுவனம் பஸ்களின் அடிச்சட்டத்தில் பொறித்த செசி இலக்கங்களைப் பார்த்து, எந்தெந்த பஸ் என்று கண்டு, உரிமையாளருக்கு அறிவிக்கும். உரிமையாளர் பஸ்ஸைக் கொண்டுபோவார். பாகத்தை மாற்றுவார்கள், காசு வாங்கமாட்டார்கள். பின்னேரம் பஸ் திரும்ப வீட்டுக்கு வந்துவிடும். உரிமை ஒரு நிமிடம்கூடக் கைமாறுவதில்லை. இதில் பெறுகிறவர் யார்? பெற்றால் உரிமையாளர்தான் ஒரு புதுப் பாகத்தைப் பெறுகிறார்.

அமெரிக்காவின் 1966 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளருக்கு அறிவிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 1974 இல் வந்த திருத்தம் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கவேண்டும் என்றது. அறிவி, சரிசெய். இந்த இரண்டுதான் அதன் உயிர். திருத்தமுடியாத கட்டத்தில் வேறு வாகனம் கொடுப்பதும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் சட்டத்தில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அரிதாக நடப்பது.

'மீளப்பெறல்' கெட்ட சொல் அல்ல. வங்கியில் வைப்பும் மீளப்பெறலும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் நிற்கின்றன. அங்கே அது தன் இடத்தில் இருக்கிறது. 2013 ஓகஸ்டில் நியூசிலாந்துப் பால்மாவைக் கடைத் தட்டுகளிலிருந்து எடுக்கச் சொன்னார்களே, அதற்கும் பொருந்தும். பால்மாப் பெட்டியைத் திருத்தி மறுபடி உங்கள் கையில் தரப்போவதில்லை, அது போனது போனதுதான். பால்மாவுக்கும் பஸ்ஸுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை இரண்டுக்கும் மாட்டவேண்டுமா? பூவையும் புண்ணாக்கையும் ஒரே பையில் போட்ட கதை.

இப்போது எதிர்க்கட்சி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்கு நண்பர். அவருடைய சொல் 'மீளழைப்பு'. கோலை விடவில்லை பார்த்தீரா என்று பெருமையோடு சொன்னார். விடவில்லைத்தான். ஆனாலும் எனக்கு அது ஒட்டவில்லை. 'மீள்' தன்வினை, தானே திரும்பி வருவது. மீளழைப்பு என்று வினைத்தொகையாகச் சேர்த்தால் மீள்வது அழைப்பே தவிர பஸ் அல்ல. சரி, இலக்கணத்தைக் கட்டி வைப்போம். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் மீள்குடியேற்றம் என்ற சொல்லே நிற்காது, அந்தச் சொல்லோடு பல வருடம் வாழ்ந்தவர்கள் நாங்கள். வழக்கு வென்றுவிட்டது. வழக்கையே எடுத்துப் பாருங்கள்: மீள்வாசிப்பு என்றால் மறுபடி வாசிப்பது, மீளாய்வு என்றால் மறுபடி ஆய்வது. அப்படியென்றால் மீளழைப்பு என்பது மறுபடி அழைப்பது. கலியாணத்துக்கு முதல் தடவை கார்டு கொடுத்து வராதவருக்கு இரண்டாம் தடவை சொல்வது மீளழைப்பு. தவறிய கோலுக்குத் திருப்பி எடுப்பதும் மீளழைப்பு. அந்தச் சாரதியிடம் சொல்லியிருந்தால் "ஆர் கோல் எடுத்தது?" என்று பொக்கற்றைத் தடவியிருப்பார். ஏன் அழைக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சொல்லில் ஒரு துரும்பும் இல்லை என்பதுதான் என் பெரிய குறை.

என் சொல் 'திருத்த அழைப்பு'.

நிலாவெளி வீதியில் ஏறி உப்புவெளிப் பக்கம் போய்வாருங்கள். மோட்டார் சைக்கிள் திருத்துமிடம், குளிரூட்டி திருத்துமிடம், கைத்தொலைபேசி திருத்துமிடம் என்று பலகைகள். பஸ் எங்கே என்றால் "திருத்தக் குடுத்திருக்கு" என்பதுதான் பதில். பழுதுபார்ப்பு என்று நான் போடாததற்குக் காரணம் உண்டு. பழுது ஓடி ஓடித் தேய்ந்து வருவது. குண்டும் குழியும் கொடுப்பது. ரீகோலில் வருவது பிறவிக் கோளாறு, செய்தவன் விட்ட பிழை. தான் விட்ட பிழையைத் தானே சரிசெய்வதற்குத் தமிழில் திருத்தம் என்றுதான் பெயர். பரீட்சைத் தாளில் தொடங்கிக் காடு திருத்தி வயலாக்குவது வரை இந்தச் சொல் வந்து போகாத இடமில்லை.

ஆசிரியர் விடுவாரா? திருத்தம் என்றால் இந்த நாட்டில் 13 ஆம் திருத்தம்தான் ஞாபகம் வரும், அரசியலமைப்பைத் திருத்தக் கூப்பிடுகிறார்கள் என்று ஓடப்போகிறார்கள் என்றார். நல்ல பகிடி. ஆனால் தலைப்பில் பஸ் என்று இருக்கும்போது யாரும் பாராளுமன்றத்துக்குப் போகமாட்டார்கள். அப்புறம் இன்னொன்றைப் போட்டார்: இப்போது சில கார்களுக்கு வீட்டில் நின்றபடியே மென்பொருளை அனுப்பிச் சரிசெய்கிறார்களாம், அங்கே எதை எங்கே அழைப்பது? இது பலமான கேள்விதான். ஆனால் அதுவும் அவருடைய சொல்லைத்தான் கூடுதலாக வெட்டுகிறது. என்னுடையதில் திருத்தமாவது மிஞ்சுகிறது.

செய்தியில் ஸ்டியரிங்குக்குப் போட்டிருந்த 'திசைமாற்றி'யைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிற ஊருக்குச் சுக்கான் தெரியாதா? வள்ளத்தில் போகிற பிள்ளைக்கும் தெரியும். அது அரபுச் சொல், அதனால் தூய தமிழ் இல்லையாம். கடல் வழியாக வந்து கடற்கரையில் குடியேறிய சொல் அது. இத்தனை தலைமுறைக்குப் பிறகு அதற்குக் குடியுரிமை கேட்பது அநியாயம். திசைமாற்றி என்பது யாரும் கையில் பிடிக்காத பொருள். ஸ்டியரிங் என்றே எழுதினாலும் நான் கோபிக்கமாட்டேன். பஸ் என்று எழுதுகிறவன் ஸ்டியரிங்குக்குச் சண்டை பிடிப்பது அழகல்ல.

தூய்மை வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஆனால் ரீகோலுக்குப் போடுகிற சொல் விளங்காவிட்டால் உரிமையாளர் பஸ்ஸைக் கொண்டுபோகமாட்டார், ஒளித்தும் வைப்பார். அதிலும் இங்கே ஓடுகிறவற்றில் எத்தனையோ வாகனம் ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்து இங்கே ரீகண்டிஷனாக வந்தது. நிறுவனத்தின் கடிதம் பழைய உரிமையாளரின் வாசலோடு நின்றுவிடலாம். இங்கே இருப்பவருக்கு வானொலியும் பத்திரிகையும்தான் கடிதம். அந்தக் கடிதத்தில் "மீளப்பெறுகின்றது" என்று இருந்தால், கடன் பாக்கி உள்ளவர் முதலில் கேட்டைத்தான் பூட்டுவார்.

அன்றைய செய்தியின் தலைப்பை நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: "சுக்கான் கோளாறு: பஸ்களுக்குத் திருத்த அழைப்பு". அவர்கள் வாசித்ததைவிடச் சின்னது. மூதூர்க்காரரும் லீசிங்கைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார். "எவ்வளவு எடுப்பாங்கள்?" என்று கேட்டிருப்பார். இலவசம் என்பதை இரண்டாவது வரியில் போட்டிருப்பேன்.