ஒற்றையா, இரட்டையா? செத்த டிஸ்க்கை மீட்கும் கணக்கு

“நான்கு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று செத்தாலும் மூன்று டிஸ்க் அளவு டேட்டாவும் அப்படியே இருக்கும் என்கிறார்களே, செத்ததன் நகல் எங்கே இருக்கிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நகல் எங்குமே இல்லை. பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ‘ரெய்டு’ என்ற இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

மூன்று டிஸ்க்கில் டேட்டா இருக்கிறது. ஒரே இடத்தில் முதல் டிஸ்க்கில் 1011, அடுத்ததில் 0110, மூன்றாவதில் 1100 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை 1 என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. கிடைப்பது 0001. நான்காவது டிஸ்க் இதை மட்டும்தான் வைத்திருக்கும். பேரிட்டி என்பது இதுதான். இப்போது இரண்டாவது டிஸ்க் போய்விட்டது. மிஞ்சிய 1011, 1100, 0001 மூன்றையும் அதேபோல எண்ணினால் வருவது 0110. போனது அப்படியே திரும்பி வந்துவிட்டது! எந்த டிஸ்க் போனாலும் இதே கணக்குதான். மூன்று டிஸ்க்குக்குப் பதில் பத்து இருந்தாலும் பேரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவு இடம் போதும். நிஜத்தில் பேரிட்டியை எல்லா டிஸ்க்கிலும் மாற்றி மாற்றிப் பரப்பி எழுதுவார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை டேட்டா எழுதும்போதும் அந்த ஒரு டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கவேண்டும்.

ரெய்டு என்ற பெயரை 1988இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் வைத்தபோது, அதில் ‘மலிவான டிஸ்க்’ என்பதும் சேர்ந்தே இருந்தது. நாளைக்கே லாபம் தராத பல்கலைக்கழக ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்று நான் சொல்வது இதுபோன்றவற்றை மனதில் வைத்துத்தான்.

இந்தக் கணக்குக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. எந்த டிஸ்க் காணோம் என்று தெரிந்தால்தான் இது மீட்கும். எல்லா டிஸ்க்கும் உயிரோடு இருந்து ஒன்று மட்டும் தப்பான பிட்டைக் கொடுத்தால், ‘எங்கோ தவறு’ என்று சொல்லுமே தவிர, எதில் என்று சொல்லாது. இசட்.எஃப்.எஸ். போன்ற பைல் சிஸ்டம் (டிஸ்க்கில் பைல்களை அடுக்கி வைக்கும் மென்பொருள்) ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண், வைத்திருப்பதால் பொய் சொன்ன டிஸ்க்கைப் பிடித்துவிடும். எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் ‘ஸ்க்ரப்’பை மாதம் ஒருமுறை ஓடவிடுங்கள். படிக்காமலே கிடக்கும் பழைய பைல்களில் உள்ள கோளாறு அப்போதுதான் வெளியே வரும்.

16 டெராபைட் டிஸ்க்கை மாற்றினால், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் மீட்டு முடிக்க 22 மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொன்று போனால் ஒற்றைப் பேரிட்டியால் ஒன்றும் செய்யமுடியாது. அதனால் பெரிய டிஸ்க் என்றால், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் இரட்டைப் பேரிட்டியே என் தேர்வு. 8 டெராபைட் டிஸ்க் ஆறு போட்டால், இரண்டின் அளவு பேரிட்டிக்குப் போக, 32 டெராபைட் கிடைக்கும். கணினி அதை 29 என்று காட்டினால் பதற வேண்டாம்: அது 1000க்குப் பதில் 1024ஆல் வகுக்கிறது.

வாங்கும்போது, டேட்டா எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். வகையா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுதவேண்டும், மீட்பு வேலை படுத்துவிடும். பழைய டிஸ்க் மலிவுதான்; ஆனால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பட்டியலில், கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளின் மூல எண்ணும் (raw value) பூஜ்யமாக இருக்கவேண்டும். பிறகு முழு டிஸ்க்கையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள். சர்வரிலிருந்து கழற்றிய சாட்டா டிஸ்க் சுழலவே இல்லையென்றால் மின் இணைப்பின் மூன்றாவது பின்னைச் சந்தேகியுங்கள். அதில் 3.3 வோல்ட் வந்தால் சில டிஸ்க் அணைந்தே கிடக்கும்; அந்தப் பின்மேல் மின்சாரம் கடத்தாத கேப்டன் (Kapton) டேப் ஒட்டினால் ஓடும்.

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறி அழித்த பைல் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது பழைய விதி. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 10 டெராபைட்டை கிளவுடில் ஏற்ற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும், இறக்கவும் ஏறத்தாழ அவ்வளவே. எல்.டி.ஓ.-9 என்ற வகைக் காந்த டேப் ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும், டேப் மலிவு. அதை எழுதிப் படிக்கும் டிரைவின் விலைதான் கையைக் கடிக்கும். வீட்டுக்கு, நகலெடுத்ததும் கழற்றி வேறிடத்தில் வைக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கே போதும். எஸ்.எஸ்.டி.யை அப்படி வருடக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள், மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் தேங்கிய மின்னூட்டம் கசிந்துவிடும்.

செத்த டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் பிழைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் ஓயவில்லை. படிக்கும் தலை தட்டுக்குமேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. குளிரிலிருந்து எடுத்ததும் தட்டில் பூக்கும் ஈரத்துளி அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிது.