வில்லாளருக்கு ஏற்ற விலை குறைந்த ரேஞ்ச்ஃபைண்டர்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

பயிற்சிக்கு வருபவர்கள் லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரைப் புதிதாக வாங்கிக் காட்டும்போது, அது ஆயிரம் மீட்டர் வரை அளக்கும் என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் சொல்கிறார்கள். பெட்டியின் மேல் அச்சிடப்படும் அந்த எண், ஒளியை நன்றாகத் திருப்பியனுப்பும் பரப்புகளுக்கு உரியது; மரத்துக்கும் மானின் உடலுக்கும் அது வெகுவாகக் குறைந்துவிடும். மேலும், வில்லாளருக்கு அவ்வளவு தூரம் தேவையே இல்லை. ஒலிம்பிக் ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) போட்டியின் தூரமே 70 மீட்டர்தான். வேட்டையில் பொறுப்புள்ளவர்கள் எய்வது அதைவிடவும் மிகக் குறைந்த தூரத்தில். ஆகவே, 100 மீட்டருக்குள் கருவி எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதற்கே பணம் கொடுக்க வேண்டும்.

நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பை எடுத்துக்கொள்வோம். வில்லில் குறிபார்க்க உதவும் சைட்டை 30 மீட்டருக்கு வைத்துவிட்டு, உண்மையில் 33 மீட்டரில் இருக்கும் இலக்கை எய்தால், காற்றுத் தடையைச் சேர்க்காமலேயே அம்பு ஏறத்தாழ 13 செ.மீ. தாழ்வாகப் படும். 50 மீட்டர் என்று எண்ணியது 55 ஆக இருந்தால் அந்தப் பிழை 38 செ.மீ. அளவுக்குப் பெருகும். பயிற்சித் திடலில் இதனால் மதிப்பெண் மட்டுமே குறையும். காட்டிலோ, காயம்பட்ட விலங்கு தப்பியோடி நெடுநேரம் துன்புற நேரும். தூரம் உறுதியாகத் தெரியாதபோது அம்பை விடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

விலை மலிவு என்பதற்காகக் கோல்ஃப் ஆட்டத்துக்கான ரேஞ்ச்ஃபைண்டரை வாங்குபவர்கள் ஒன்றை அவசியம் அறிய வேண்டும். மேட்டை நோக்கி எய்தாலும் பள்ளத்தை நோக்கி எய்தாலும், வில்லாளர் சைட்டை வைக்க வேண்டியது ஏறத்தாழ கிடைமட்டத் தூரத்துக்கே. 30 பாகைச் சரிவில் நேர்கோட்டில் 30 மீட்டர் இருக்கும் இலக்கை 26 மீட்டர் என்றே கொள்ள வேண்டும். கோல்ஃப் கருவியின் ஸ்லோப் (சரிவுக்கு ஏற்பத் தூரத்தைத் திருத்தும் வசதி) கணக்கோ, பந்தை மேட்டுக்கு அடிக்கக் கூடுதல் வலு தேவை என்பதால், மேல்நோக்கிய தூரத்தைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பி எய்தால் அம்பு இலக்குக்கு மேலே பறந்துவிடும். சமதரையில் மட்டும் பயிற்சி செய்பவர் ஸ்லோப்பை அணைத்துவிட்டு அதையே பயன்படுத்தலாம். 6 மீட்டர் உயர மேடையிலிருந்து 20 மீட்டரில் உள்ள இலக்கை எய்யும்போதுகூட நேர்கோட்டுத் தூரத்துக்கும் கிடைமட்டத் தூரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான். மலைச்சரிவில் எய்பவருக்குக் கிடைமட்டத் தூரத்தைத் தரும் வசதி கட்டாயம் தேவை.

கோல்ஃப் கருவிகள் குழியைக் காட்டும் கொடிக்கம்பத்தின் தூரத்தைப் பிடிப்பதற்காக, அருகிலுள்ள பொருளுக்கு முன்னுரிமை கொடுப்பதும் உண்டு. புதர் நிறைந்த இடத்தில் இது முன்னால் நிற்கும் இலையை அளந்து தந்துவிடும். பின்னால் உள்ள பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்தால் நல்லது. இல்லையென்றால், இலக்குக்குப் பக்கத்திலுள்ள மரத்தின் அடியை இரண்டு மூன்று முறை அளந்து பார்க்கலாம்.

திரையைக் கடையின் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கறுப்பு எழுத்துத் திரை பகலில் தெளிவாக இருந்தாலும், அந்தி நேரத்தில் இருண்ட மரத்தின் மேல் மறைந்துவிடும். அந்நேரத்தில் வேட்டைக்குச் செல்பவர் ஒளிரும் சிவப்பு எழுத்துக்குக் கூடுதலாகச் செலவிடுவது தகும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு பார்த்து, எண்கள் முழுவதும் தெரிகின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். லேசர், கண்ணுக்குப் பாதுகாப்பான முதலாம் வகுப்பைச் சேர்ந்தது என்ற குறிப்பு கருவியில் இருக்க வேண்டும்.

வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், அளவுநாடாவால் 10, 20, 30, 40 மீட்டர்களைக் குறித்து ஒவ்வொன்றையும் பலமுறை அளந்து பாருங்கள். எப்போதும் அரை மீட்டர் கூட்டிக் காட்டும் கருவியோடு பழகிவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலகு மீட்டரில் உள்ளதா, கெஜத்தில் உள்ளதா என்பதையும் பாருங்கள். 50 கெஜம் என்பது 45.7 மீட்டர்தான்.

சில இடங்களின் வேட்டைச் சட்டங்கள் வில்லில் பொருத்தும் மின்னணுக் கருவிகளை அனுமதிப்பதில்லை என்பதால், கையில் பிடிக்கும் வகையே பாதுகாப்பான தேர்வு. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் ஃபீல்ட் (காடு, மேடு பள்ளம் நிறைந்த இடங்களில் நடக்கும்) போட்டிகளில் ரேஞ்ச்ஃபைண்டருக்கே இடமில்லை. அங்கே 55 மீட்டர் வரையிலான குறிக்கப்படாத தூரங்களைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். எனவே பயிற்சியின்போது முதலில் உங்கள் மதிப்பீட்டை எழுதிவிட்டு, அதன் பிறகு பொத்தானை அழுத்துங்கள்.