திசை திரும்பாத மூலக்கூறுகள் வேண்டும்

ஃபைபரில் பறக்கும் தகவல் எல்லாம் முதலில் மின் சிக்னலாகத்தான் இருக்கிறது. அதை ஒளியில் ஏற்றுவது மாடுலேட்டர். லேசர் ஒளியை இரண்டு பாதைகளில் அனுப்பி, ஒன்றில் மட்டும் மின்னழுத்தம் கொடுத்துத் தாமதப்படுத்தி, மறுபடி சேர்க்கிறது. தாமதம் அரை அலைநீளம் ஆனால் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும், ஒளி அணையும்.

இதற்கு மின்புலம் பட்டதும் ஒளிவிலகல் எண், அதாவது உள்ளே ஒளி போகும் வேகம், மாறுகிற பொருள் தேவை. இதுதான் பாக்கெல்ஸ் விளைவு. சிலிக்கானின் படிக அமைப்பு சமச்சீரானது, அதனால் அதில் இந்த விளைவு கிடையாது. லித்தியம் நையோபேட் என்ற படிகத்தில் உண்டு. விளைவு எவ்வளவு வலுவானது என்று சொல்லும் திறன் எண் அதற்கு வோல்ட்டுக்குச் சுமார் 30 பிக்கோமீட்டர். இதற்கென்றே செய்த நல்ல பாலிமர்கள் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக் வகைகள்) 100ஐத் தாண்டுகின்றன.

ரகசியம் பாலிமருக்குள் கலந்திருக்கும் நீளமான சாய மூலக்கூறுகளில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு முனையில் எலக்ட்ரானைத் தரும், மறுமுனையில் இழுக்கும். மின்புலம் மாறியதும் எலக்ட்ரான்கள் மட்டும் நகர்ந்தால் போதும், அதனால் அபார வேகம். ஆனால் மூலக்கூறுகள் கண்டபடி கிடந்தால் ஒன்றின் விளைவை இன்னொன்று ரத்து செய்துவிடும். எனவே பாலிமரை இளகும் வரை சூடாக்கி, மைக்ரானுக்குச் சுமார் 100 வோல்ட் மின்புலத்தில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பி, மின்புலத்தை எடுக்காமலே குளிரவைக்கிறார்கள். அப்போதும் மூலக்கூறுகள் தலைகீழாக ஜோடி சேரப் பார்க்கும். அமெரிக்க வேதியியலாளர் லேரி டால்டன் குழுவினர் மூலக்கூறின் வடிவத்தையே மாற்றி அதைத் தடுத்தார்கள். 2000இல் அவர்கள் காட்டிய மாடுலேட்டருக்கு, ஒளியை அணைக்கும் அந்த அரை அலைநீளத் தாமதத்துக்கு, 0.8 வோல்ட்டே போதுமானதாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அப்புறம் வந்த யோசனை. சிலிக்கான் சிப்பில் 100 நானோமீட்டர் அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டி, அதில் பாலிமரை நிரப்புகிறார்கள். ஒளி அந்தப் பிளவுக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு போகும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் ஒரே ஒரு வோல்ட் கொடுத்தாலும் மின்புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்! லித்தியம் நையோபேட்டின் பழைய மாடுலேட்டர்கள் சில சென்டிமீட்டர் நீளம். இங்கே ஒரு மில்லிமீட்டருக்குள் வேலை முடிகிறது.

சரி, சிக்கல் எங்கே? சூட்டில் திரும்பிய மூலக்கூறுகள் சூட்டிலேயே பழையபடி கலைந்தும் போகும். ஒளியும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் சாயம் சிதையும். பாலிமர் சங்கிலிகளைக் குறுக்கே பிணைப்பது முதல் சிக்கலைக் குறைக்கிறது, காற்றுப் புகாத உறை இரண்டாவதை. ஆனால் இந்த மாடுலேட்டர்கள் மிகவும் தேவைப்படும் இடம் டேட்டா சென்டரின் கொதிக்கும் பிராசஸர்களுக்குப் பக்கத்தில். அங்கே 85 டிகிரியில் பல வருடம் தாக்குப்பிடிப்பதுதான், இன்னும் சில பிக்கோமீட்டரைக் கூட்டுவதைவிட, முக்கியமான சோதனை என்று நினைக்கிறேன்.